சனநெரிசலும் எமது பங்கும்

பாரிஸ் நகரைச் சூழ வாழும் எம்மவர்க்குப் புகையிரதம் சோற்றுக்கு வழி. லா கூர்னெவ், கார்ஜ்-சார்செல், வில்லியே-லெ-பெல் என வாடகை சற்றுக் குறைந்த இடங்களிற் குடியிருந்து, நகர நடுவிலுள்ள உணவகச் சமையற்கட்டுகளிலும் லா தெஃபான்ஸ் அலுவலகங்களின் துப்புரவுப் பணியிலும் உழைக்கின்றவர்களின் நாள், ஆர்.ஈ.ஆர். மேடையிலே தொடங்கி அம்மேடையிலேயே முடிகின்றது. அந்த மேடையில் நாம் நாள்தோறும் கேட்பது ஒரே முறைப்பாடுதான்: "என்ன சனமப்பா!" இதனைச் சொல்கின்ற ஒவ்வொருவரும் அந்தச் சனத்துள் ஒருவர் என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நெரிசலுக்குரிய முதற் காரணம் பிரயாணியல்லர் என்பதை முதலிலேயே கூறிவிடல் வேண்டும். ஆர்.ஈ.ஆர். 'ஏ' வழித்தடத்தின் கிழக்கு, மேற்குப் பகுதிகள் 1977 டிசம்பரில் சாத்லே-லே-ஆல் நிலையத்தில் இணைக்கப்பட்டன. இன்று வேலை நாளொன்றில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அவ்வழித்தடத்திற் பயணஞ் செய்கின்றனர். எம்மவர் பெரிதும் நம்பியிருக்கும் 'பி', 'டி' வழித்தடங்களின் நிலை இன்னும் இக்கட்டானது. சாத்லேக்கும் கார் து நோருக்கும் இடையே இவ்விரண்டும் ஒரே சுரங்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. போக ஒரு தண்டவாளம், வர ஒரு தண்டவாளம். ஒரு திசையில் மணிக்கு 32 வண்டிகளே அதன் உச்ச எல்லை. 'டி' வண்டியொன்று தடைப்பட்டால் 'பி'யும் தடைப்படும்.

அரசு எதுவும் செய்யவில்லையென்று கூறிவிடவும் முடியாது. 1989இல் 'ஏ' வழித்தடத்திற் புதிய சமிக்ஞை முறை பொருத்தப்பட்டு, வண்டிகளுக்கிடையேயான இடைவெளி இரண்டு நிமிடமாகக் குறைக்கப்பட்டது. 1997 முதல் இரண்டு தட்டு வண்டிகள் ஓடத் தொடங்கின. 2017 அளவில் அவ்வழித்தடம் முழுவதும் அவ்வகை வண்டிகளே பயன்படலாயின. மூச்சுத் திணறலுக்குப் பேர்போன 13ஆம் இலக்க மெற்றோவின் சுமையைக் குறைக்கும் பொருட்டு, 14ஆம் இலக்க வழித்தடம் 2020 டிசம்பரில் செந்த்-உவான் வரையும், 2024 ஜூனில் சென்-தெனி பிளேயேல் வரையும் நீட்டப்பட்டது.

இவ்வளவுக்குப் பின்னரும் வண்டி தாமதிப்பதேன்? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 30 வண்டிகள். கதவுகள் மூட மறுப்பதால் நெருக்கடியான நிலையமொன்றில் ஒவ்வொரு வண்டியும் 12 விநாடி மேலதிகமாக நிற்கின்றதென வைத்துக்கொள்வோம். இடைவெளி 132 விநாடியாகிவிடும். மணிக்கு 27 வண்டிகளே கடந்து செல்லும். வண்டியொன்று 2000 பேரை ஏற்றுமாயின், காணாமற்போன மூன்று வண்டிகளால் 6000 பேர் மேடையிலேயே நிற்கவேண்டியவராவர். அவர்கள் அடுத்த வண்டியை முண்டுவர். அது இன்னும் தாமதிக்கும். 12 விநாடி என்பது, மணியொலித்த பின் காலை நீட்டிக் கதவைத் தடுக்கும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் நேரமே.

ஆகவே எமது பங்கு கதவடியிலேயே தொடங்குகின்றது. இறங்குவோர் இறங்கியபின் ஏறுதல். ஏறியதும் கதவோரம் நில்லாது உள்ளே நகர்தல். முதுகுப்பையைக் கழற்றிக் கால்களுக்கிடையே வைத்தல். மெற்றோவிற் கூட்டம் கூடியதும் மடிப்பு இருக்கையிலிருந்து எழுந்து நிற்றல். இவை எவருக்கும் தெரியாதவையல்ல. பிரெஞ்சு மொழி சரிவர வாராதவர்க்கும் "பார்தோன்" என்ற ஒரு சொல் வரும். முழங்கையைவிட அச்சொல் விரைவாக வழி திறக்கும்.

எம்மவர் குறிப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. லாச்சப்பல் கடைத்தெருவிலே கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அரிசி மூட்டையும் வாங்கிக்கொண்டு, மாலைவேளையில் கார் து நோரில் ஏறுகின்றோம். இறங்கும் அவசரத்தில் ஒரு பை பெட்டியில் விடுபட்டால், அது சந்தேகத்துக்குரிய பொதியாகிவிடும். நிலையம் வெறுமையாக்கப்படலாம்; வெடிபொருள் நிபுணர் வந்து சோதித்த பின்னரே வண்டிகள் ஓடும். அவ்வாறே, ஒருவர் மயங்கினால் சுரங்கத்தின் நடுவே அபாயக் கைபிடியை இழுப்பதால் அவருக்கு நன்மையில்லை. உதவி வந்து சேரவும் நேரமெடுக்கும். அடுத்த நிலையத்தில் அவரை இறக்கி, உடன்நின்று, நிலைய ஊழியரை அழைப்பதே அவருக்கும் ஏனையோர்க்கும் நலம்.

இதனை வெறும் நாகரிகப் பாடமென்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. அதே வண்டியில், ஃபொன்தனே-சூ-புவாவிலுள்ள ஒஃப்ரா அலுவலகத்துக்கு நேர்முக விசாரணைக்காகச் செல்லும் ஒருவர் இருக்கக்கூடும். தக்க காரணமின்றிச் சமுகமளிக்காதவரின் கோப்பு மூடப்படவும் இடமுண்டு. பல மாதங்கள் காத்திருந்த ஒரு மனிதரின் எதிர்காலம் யாரோ ஒருவருடைய 12 விநாடியில் சிக்கிக்கொள்ளலாம். அத்தகையோர் ஒரு மணி நேரமாவது முன்னதாகப் புறப்படுவதே மேல். வண்டி தாமதித்தால் போக்குவரத்து நிறுவனத்திடம் தாமதச் சான்றிதழைப் பெற்று, அலுவலகத்துக்கும் சட்டத்தரணிக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். வேலைத்தலத்திலும் அச்சான்றிதழ் கைகொடுக்கும்.

எனினும் பொறுப்பைப் பகிர்தல் வேறு, பிறர் பொறுப்பையும் சேர்த்துச் சுமத்தல் வேறு. நெரிசல் நேரத்தைத் தவிர்த்துப் பயணஞ் செய்யுங்கள் என்று அறிவுறுத்துவது இலகு. விடியுமுன் அலுவலகம் கூட்டத் தொடங்கி, பகலில் உணவகத்துக்கு ஓடும் தொழிலாளி தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பதில்லை. வேலை நேரங்களைப் பரவலாக்க முதலாளிமாரும், வேலைக்கு அண்மையில் தாங்கக்கூடிய வாடகையில் வீடுகளை அமைக்க நகரசபைகளும், அந்தச் சுரங்கத்தின் நெருக்கடியைத் தீர்க்க அரசும் முன்வருதல் வேண்டும். பிரயாணியின் பணிவு புதிய தண்டவாளத்துக்கு ஈடாகாது. ஆனால் தண்டவாளம் வரும்வரை இருக்கின்ற இடத்தில் எல்லோரும் பயணஞ் செய்தாகவேண்டுமே.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் அங்கு சென்றடைந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் வண்டியின் கூவல் கேளாத மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். ஓடுகின்ற வண்டியொன்றின் அருமையை எமக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. நாளை காலை கதவு திறக்கும்போது ஓரடி உள்ளே நகர்வோம். எமக்குப் பின்னால் நிற்பவருக்கும் போகவேண்டிய இடமொன்று உண்டு.