சொல் வரிசை மாறினும் மரம் ஒன்றே

பொழியூர்: நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடற்கோடியில் உள்ள ஊர் இது. அடுத்த ஊரான நீரோடி குமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ல் எல்லைக்கோடு விழுந்தது. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு மட்டும் கோட்டுக்குக் கட்டுப்படவில்லை.

கேரள உயர்நிலைப் பள்ளிகளில் ‘பைத்தான்’ கணினி மொழி கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு இது ஏறுமா என்பது தமிழ்ப் பெற்றோரின் கவலை.

கணினிக்கு ஆங்கிலம் தெரியாது என்பதே உண்மை. எழுதிய நிரலைச் சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கண மரமாக அடுக்கிக்கொள்கிறது. 2+3×4 என்றால் கூட்டல் உச்சியில், பெருக்கல் அதன் கீழ்க்கிளையில். ஆகவே விடை 20 அல்ல, 14.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ்க் கணினி மொழியில் நிபந்தனை முன்னே, ‘ஆனால்’ பின்னே. பைத்தானில் வரிசை தலைகீழ். மரத்திலோ இரண்டும் ஒன்றே: நிபந்தனை, அதன் கீழ் செயல்.

இம்மரத்தை வெளியே எடுத்துப் பார்க்கப் பைத்தானுடனேயே ‘ஏஎஸ்டி’ என்ற கருவி வருகிறது. வெறும் எழுத்தாகக் ‘கூலி’ என்று தேடினால், மேற்கோளுக்குள் கிடக்கும் கூலியும் அகப்படும். மரத்தில் தேடினால் கணக்கில் வரும் கூலி மட்டும். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் ஏஎஸ்டி நின்றுவிடும். ‘ட்ரீ சிட்டர்’ என்ற கருவியோ பழுதான இடத்தைக் குறித்துவிட்டு, மற்றக் கிளைகளைத் தந்துவிடும்.

எழிலும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். அதன் மூலநிரலை எவரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம்.