அடோனிராம் ஜட்சனின் ரங்கூன் ஆண்டுகள் (1813–1820)

அடோனிராம் ஜட்சன் (ஆகஸ்ட் 9, 1788 – ஏப்ரல் 12, 1850) பர்மாவில் பணியாற்றிய அமெரிக்கக் கிறித்தவ மறைப்பணியாளர். விவிலியம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்தவர். பர்மிய அகராதி தொகுத்தவர். ரங்கூனில் இறங்கியபோது அவருக்கு வயது 24. மனைவி ஆன் ஜட்சனுக்கு 23. அவர்களிடம் முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. ஜட்சனைப் பற்றிய நூல்கள் பலவும் பின்னாளில் ஆங்கில–பர்மியப் போரின்போது அவர் பட்ட சிறைவாசத்தையே விரித்துச் சொல்கின்றன. பௌத்த நாடொன்றில் ஓர் இளம் மறைப்பணியாளரின் அன்றாடம் எப்படி இருந்தது என்பதை அறிய அதற்கு முந்திய, ஆரவாரமற்ற இந்த ஆண்டுகளே உதவுகின்றன.

வந்து சேர்ந்த வழி

ஜட்சன் முதலில் குறி வைத்தது பர்மாவை அன்று. 1812 பிப்ரவரியில் மணம் முடித்த இரு வாரங்களில் கணவனும் மனைவியும் சேலம் துறைமுகத்தில் (இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம்) கப்பலேறி, ஜூன் மாதம் கல்கத்தா சேர்ந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவிடவில்லை. மொரிசியசுக்குப் போய், அங்கிருந்து 1813 ஜூனில் சென்னை வந்தனர். சென்னையிலும் வெளியேற்றப்படும் அச்சம் இருந்தது. அப்போது துறைமுகத்திலிருந்து உடனே புறப்படவிருந்த கப்பல் ரங்கூனுக்குப் போவது. அதில் ஏறினர். வழியில் ஆன் ஈன்ற முதல் குழந்தை இறந்தே பிறந்தது. ஜூலை 13 அன்று ரங்கூனை அடைந்தனர். அங்கே நகர மதிலுக்கு வெளியே, வில்லியம் கேரியின் மகன் பெலிக்ஸ் கேரி வாழ்ந்த வீட்டில் குடியேறினர்.

மொழி கற்றல்

முதல் மூன்று ஆண்டுகளில் ஜட்சனின் பணி என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் பாடம் படித்ததுதான். வீட்டின் திறந்த தாழ்வாரத்தில் மேசையைப் போட்டு, பர்மிய ஆசிரியரோடு காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருப்பார். ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. பொருளைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்பதில் தொடங்கியது கல்வி. பர்மிய நூல்கள் ஓலைச் சுவடிகளில் இருந்தன. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. நம் பழைய ஏடுகளைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமத்தை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்குச் சமயச் சொற்கள் பலவும் பாலி மொழியிலிருந்து வந்தவை. இடைவிடாத வாசிப்பால் கண்வலியும் தலைவலியும் முற்றி, ஒரு கட்டத்தில் அவரால் படிக்கவே முடியாமல் போயிற்று. அந்நாட்களிலும் சும்மா இராமல், 1816இல் பர்மிய மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதினார்.

ஆன் பேச்சு மொழியைக் கணவரைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டார். வீட்டு நிர்வாகம் அவர் கையில் இருந்ததால் நாள் முழுதும் வேலையாட்களோடும் கடைக்காரர்களோடும் பர்மியத்தில்தான் பேச வேண்டியிருந்தது. ரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கு எதுவும் கிடைக்காத ஊரில் சோறும் கோழிக்கறியும் வெள்ளரிக்காயுமே அன்றாட உணவு என்று அவர் எழுதியிருக்கிறார். ரங்கூனில் வாழ்ந்த சயாமியர்களைக் கண்டு அவர்கள் மொழியையும் கற்றார். அவர் சயாமிய மொழியில் பெயர்த்த வினாவிடை நூல் 1819இல் செராம்பூரில் அச்சானது. அம்மொழியில் அச்சேறிய முதல் நூல் அதுவே எனக் கருதப்படுகிறது.

1815இல் பிறந்த மகன் ரோஜர், எட்டு மாதம் நிறைவதற்குள் 1816 மே மாதம் காய்ச்சலில் இறந்தான். துக்கத்திலிருந்த ஆனை ஆளுநரின் மனைவி யானைமேல் ஏற்றி ஊர்ப்புறத்துக்கு அழைத்துச் சென்றார். மதம் மாற்ற வந்தவர்கள் என்று அறிந்தும், அக்கம்பக்கத்தார் அவர்களைப் பகையாகப் பார்க்கவில்லை.

கடவுளுக்கு ஒரு சொல்

தேரவாத பௌத்தத்தில் உலகைப் படைத்த கடவுள் இல்லை. பிறப்பற்ற, அழிவற்ற ஒருவர் என்று ஜட்சன் தொடங்கியதுமே கேட்பவருக்கு அது விளங்காத பேச்சாயிற்று. பர்மியத்தில் 'பயா' என்ற சொல் புத்தரையும் குறிக்கும், பகோடாவையும் குறிக்கும்; துறவியையும் மன்னரையும் விளிக்கவும் வழங்கியது. அச்சொல்லை விட்டால் வேறு வழியில்லை. அப்படியே எடுத்தால் புத்தர் என்றே பொருள்படும். 'தலைவர்' எனப் பொருள்படும் சொல்லைச் சேர்த்து 'பயா தகின்' என்பது அவருடைய விவிலியத்தில் இடம்பெற்றது. தமிழ் விவிலியத்திலும் சர்வேசுரன், பராபரன், தேவன் என்று சொல் மாறிக்கொண்டே வந்ததை இங்கே நினைக்கலாம்.

ஒன்று மட்டும் அவருக்கு வாய்ப்பாக இருந்தது. பர்மியச் சிறுவர்கள் புத்த மடங்களில் எழுத்துக் கற்றனர். ஆகவே 1816இல் செராம்பூரிலிருந்து அச்சு இயந்திரம் வந்ததும், அச்சிட்ட சிறு நூல்களைப் படிக்க ஆட்கள் இருந்தார்கள். 1817 மார்ச்சில் முதன்முதலாக ஒரு பர்மியர் தாமாகவே தேடி வந்து சமயம் பற்றிக் கேட்டார். அவர் வந்ததற்கு அந்த நூல்களே காரணம்.

சாவடி

1817 டிசம்பரில், பர்மிய மொழி பேசும் கிறித்தவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துவர ஜட்சன் சிட்டகாங்குக்குக் கப்பலேறினார். காற்று மாறி, கப்பல் சோழமண்டலக் கரைக்கு வந்துவிட்டது. மசூலிப்பட்டினத்தில் இறங்கித் தரைவழியே சென்னை வந்து, திரும்பும் கப்பலுக்காக மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தார். 1818 ஆகஸ்டில்தான் ரங்கூன் திரும்ப முடிந்தது. பல மாதங்கள் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் ஆன் அங்கே இருந்தார்.

1819 ஏப்ரலில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பர்மாவில் வழிப்போக்கர் இளைப்பாறவும், ஊரார் கூடி அறவுரை கேட்கவும் 'ஸயாத்' எனப்படும் சாவடிகளைக் கட்டுவது புண்ணியம். ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும் பாதையருகே ஜட்சன் அப்படியொரு சாவடி கட்டினார். 27 அடிக்கு 18 அடி. மரக்கால்கள்மேல் தரையிலிருந்து நான்கடி உயரம். சாலையைப் பார்த்த முன்பகுதி மூங்கிலும் கூரையுமாகத் திறந்திருந்தது. அங்கே பகல் முழுதும் உட்கார்ந்து, பகோடாவுக்குப் போவோர் வருவோரை அழைத்துப் பேசினார். ஆண்டுக்கணக்கான மொழிப்பயிற்சிக்குப் பிறகு பலன் தந்தது, ஊரார் ஏற்கெனவே அறிந்திருந்த இந்தப் பௌத்த அமைப்புதான். ஜட்சனின் பணியில் மிகக் கூர்மையான முடிவு இதுவே என்று சொல்லலாம்.

1819 ஜூன் 27 அன்று மவுங் நவ் என்ற ஏழைத் தொழிலாளி அருகிலிருந்த குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். குளக்கரையில் பெரிய புத்தர் சிலை ஒன்று இருந்தது. நவம்பரில் மேலும் இருவர் முன்வந்தனர். யாரும் பார்க்காத வேளையில் செய்யும்படி கேட்டதால், சூரியன் மறையும் நேரத்தில் சடங்கு நடந்தது. அந்நியர் தம் சமயத்தைக் கடைப்பிடிக்கத் தடையில்லை. மன்னரின் குடிகள் மன்னரின் சமயத்தை விட்டு விலகுவது வேறு, உயிருக்கே ஆபத்து. அச்சம் பரவியதும் சாவடிக்கு வருவோர் குறைந்தனர்.

இதற்கு அரசரிடமே அனுமதி பெறலாம் என்று ஜட்சனும் உடன்பணியாளர் ஜேம்ஸ் கோல்மனும் ஐராவதி ஆற்றில் படகேறித் தலைநகர் சென்றனர். பொன் தகடு ஒட்டி அழகுபடுத்திய ஆறு தொகுதி விவிலியத்தைக் காணிக்கையாகக் கொண்டுபோயினர். 1820 ஜனவரி 27 அன்று மன்னர் பாகிடவ் மனுவைப் படித்தார். பிறகு சிறு நூலைக் கையில் எடுத்தார். என்றுமுள்ள ஒரே கடவுள் என்ற தொடக்க வரிகளைக் கண்டதும் அதைத் தரையில் போட்டுவிட்டார். பேச்சு முடிந்தது.

ரங்கூனை விட்டுச் சிட்டகாங்குக்குப் போவதென்று ஜட்சன் எண்ணினார். தடுத்தவர்கள் மதம் மாறியிருந்த அந்த மூவர். பத்துப் பேராவது சேரும்வரை இருங்கள், அதற்குப் பிறகு எங்களில் ஒருவர் மற்றவர்களுக்குக் கற்பிக்கலாம் என்று அவர்கள் வேண்டினர். கோல்மன் சிட்டகாங்குக்குப் போனார், ஜட்சன் தங்கிவிட்டார். அந்த ஜூலையில் மா மென்லா என்ற பெண் ஞானஸ்நானம் பெற்றார். பர்மியப் பெண்களில் அவரே முதல்வர். 1820 ஆகஸ்ட் முடிவதற்குள் எண்ணிக்கை பத்தானது.