அடுப்படியில் நடக்கும் ஒரு விளையாட்டு

மட்டக்களப்பிலிருந்து தெற்கே தம்பிலுவில், திருக்கோவில் வரை நீண்டு கிடக்கும் இந்தக் கரையோரத்தில், கண்ணகியம்மனை முன்னிட்டு ஊரே வடசேரி, தென்சேரி என்று இரு கட்சிகளாகப் பிரிந்து நின்று, ஒன்றோடொன்று கொளுவிய இரண்டு கொம்புகளைக் கயிறு பூட்டி இழுத்து முறித்த கொம்புமுறி விளையாட்டைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். செண்பகப் பூப் பறிக்கப் போன கோவலனும் கண்ணகியும் பிடித்திருந்த துறட்டுக் கோல்கள் மரத்தில் சிக்கிக்கொள்ள, ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்தார்கள் என்பது அதன் ஐதிகம். வடசேரியார் கோவலன் கட்சி, தென்சேரியார் கண்ணகி கட்சி; ஆகவே அங்கே கயிற்றைப் பிடித்தவன் கதையைக் கேட்டவனாக மட்டும் இல்லாமல், உள்ளங்கை கன்ற இழுத்து, அக்கதைக்குள்ளேயே ஒரு பாத்திரமாகவும் நின்றான். விளையாட்டு வேறு, கதை வேறு என்ற பேதம் இங்கே பழைய வழக்கமல்ல.

இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம், கணினி விளையாட்டு என்றவுடனே துப்பாக்கியும் ரத்தமும் இரவெல்லாம் விழித்திருந்து கண் சிவந்த பையன்களுமே நம்மில் பெரும்பாலோருடைய ஞாபகத்துக்கு வருவதுதான். அந்த அபிப்பிராயம் முழுப் பொய்யென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், சுடுவதும் வெல்லுவதும் இல்லாமல், ஒரு குடும்பத்தின் துக்கத்தையோ ஒரு மனிதனின் நினைவுகளையோ எடுத்துக்கொண்டு, சிறு சிறு புதிர்களை அவிழ்த்தபடியே நாம் அக்கதைக்குள் நடந்து போகும்படி அமைக்கப்பட்ட வேறொரு வகை விளையாட்டு, சத்தமில்லாமல் வளர்ந்து ஒரு கலையென்று மதிக்கத்தக்க நிலையை எட்டியிருக்கிறது. புற்றுநோயால் இறந்த தம் சிறு மகனைப் பற்றி ஓர் அமெரிக்கத் தம்பதியர் தோழர்களோடு சேர்ந்து செய்து 2016இல் வெளியிட்ட ‘தட் டிராகன், கேன்சர்’ என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதில் ஜெயிக்க ஒன்றும் இல்லை.

இவ்வகையின் சூட்சுமம் விளங்க வேண்டுமானால் 2013இல் வெளிவந்த ‘பிரதர்ஸ்’ என்ற விளையாட்டைப் பார்ப்பது நல்லது. அதை ஆக்கிய ஜோசப் ஃபாரஸ், லெபனானின் பெய்ரூத்தில் பிறந்து, உள்நாட்டு யுத்தத்தின் காரணமாகப் பத்து வயதளவில் குடும்பத்தோடு சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே சினிமா இயக்குநராகப் பெயர் பெற்ற பிறகு இத்துறைக்கு வந்தவர். நோயுற்ற தகப்பனுக்கு மருந்து தேடி அண்ணனும் தம்பியும் புறப்படுகிறார்கள். ஆடுபவர் கையிலுள்ள கருவியின் இடப்பக்கக் குமிழ் அண்ணனையும் வலப்பக்கக் குமிழ் தம்பியையும் நடத்துகிறது. வழியிலுள்ள தடைகளை இருவரும் சேர்ந்தாலன்றித் தாண்ட முடியாது. அவர்கள் பேசுவதோ எந்த நாட்டுக்கும் உரியதல்லாத ஒரு பாஷை. தாய் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ணால் கண்ட தம்பி தண்ணீரில் இறங்க மாட்டான், அண்ணனுடைய முதுகைப் பற்றிக்கொண்டுதான் ஒவ்வோர் ஆற்றையும் கடப்பான். கடைசியில் அண்ணன் இறந்துபோகிறான். தம்பி தனியாக ஆற்றங்கரையில் நிற்கிறான். அவனுக்குரிய வலக்கைப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அவன் நகர்வதில்லை. நெடுநேரமாகச் சும்மா கிடக்கும் இடக்கையால், அதாவது அண்ணனுக்குரியதாக இருந்த பொத்தானை அழுத்தினால், அப்போது அவன் நீந்துகிறான். 2004 டிசம்பர் 26இன் சுனாமிக்குப் பின்பு, தண்ணீருக்கு அஞ்சும் பிள்ளையின் மனநிலையை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; நான் சொல்ல வந்தது, சொல்லாலும் படத்தாலும் அல்லாமல் ஆடுபவரின் கைவிரலாலேயே அந்தத் துக்கம் சொல்லப்பட்டதென்ற விஷயத்தைத்தான். புதுமைக்கான விருதை 2014இல் பிரித்தானிய பாஃப்டா நிறுவனம் அதற்குக் கொடுத்தது நியாயமே.

இந்தக் கலையில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. அபி என்ற தமிழ் இளைஞரின் தலைமையில் கனடாவின் ரொறன்ரோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர், 2023 ஜூலை 31இல் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். 1988ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்து ரொறன்ரோவில் வசிக்கும் வெண்பா, அவள் கணவன் பாவலன், பிறகு அங்கேயே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவருடைய வாழ்க்கைதான் கதை. படிப்புக்கு ஏற்ற உத்தியோகம் கிடைக்காத சங்கடம், திரும்பிப் போய்விடலாமா என்ற ஓயாத ஆலோசனை, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை என்று வெளிநாட்டுக் குடும்பங்களில் நாம் கேள்விப்படுவதெல்லாம் அதில் உண்டு. குடியேறிய குடும்பங்களின் கதைகளை அங்கே வளர்ந்த பிள்ளையின் கண்ணால் சொல்லுவதே இதுவரை பெருவழக்கு. இவர்களோ தாயின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். இந்த ஒரு தீர்மானமே படைப்பின் பாதிப் பெருமைக்குக் காரணமென்பது என் அபிப்பிராயம்.

புதிர்கள் எல்லாம் அடுப்படியில் இருக்கின்றன. வெண்பாவின் தாயார் தம் கைப்பட எழுதிக் கொடுத்த சமையற் குறிப்புப் புத்தகம் ஒன்று அவளிடம் இருக்கிறது. அதில் சில தாள்கள் கிழிந்தும் சில வரிகள் மை கலைந்தும் போயிருக்கின்றன. விடுபட்ட அந்த வரி என்னவாக இருக்குமென்று யோசித்து, பாத்திரத்தைப் பார்த்து, ஆவி எப்படி மேலே ஏறும், எது முதலில் வேகும், எது எதன்மேல் வரும் என்று அனுமானித்து, ஆடுபவரே அச்சமையலை முடிக்க வேண்டும். முதலில் இட்டலி. நம் பக்கத்தில் அது சைவக் கடையில் சாப்பிடும் பண்டமேயொழிய வீட்டுக் காலை உணவல்ல. ஆகவே தட்டுக்களை அடுக்கும் முறையில் நம்மவர்களும் கொஞ்சம் தடுமாறக்கூடும். அடுத்து வரும் பிட்டில் அந்தப் பயம் வேண்டாம். குழலுக்குள் மாவையும் தேங்காய்ப்பூவையும் எப்படி மாறிமாறிப் போடுவது என்பது ஒரு வெள்ளைக்கார விமரிசகருக்குப் புதிராக இருக்கலாம். அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ தம்பிலுவிலிலோ அதைப் புதிரென்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் வாழும் வாழ்வைக் குறிக்கவே பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று ஒரு வழக்கு உண்டு. இடையில் எத்தனையோ கசப்பு நேர்ந்தும் அந்த வழக்கு வாயில் இருந்து போகவில்லை. வெண்பாவில் புரியாணியும் உண்டு. ஆனால் சகன் என்னும் ஒரே பெருந்தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து உண்ணும் கல்முனைப் புரியாணியின் சந்தோஷம் அதில் இல்லை. மூன்று பேருள்ள வீட்டின் புரியாணி அது.

தவறு செய்தால் தண்டனை கிடையாது. மறுபடி அந்த இடத்திலிருந்து தொடங்கலாம், வேண்டுமானால் குறிப்பும் கேட்கலாம். சமைக்கும்போது அருகில் ஒரு வானொலி பாடுகிறது. அந்தந்த அத்தியாயம் நிகழும் காலத்துத் தமிழ்ச் சினிமா இசையின் சாயலில், ஒவ்வொன்றும் புதிதாகவே இயற்றப்பட்ட பாடல்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டு அடுப்படிகளெல்லாம் கேட்டுக் கிடந்த ஒரு காலம் இருந்ததென்பதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிறு பெட்டி கொஞ்சம் கர்வத்தையும் தரக்கூடும்.

கதையின் பின்பாதியை நான் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் கரண்டி தாயின் கையிலிருந்து மகன் கைக்கு மாறுகிறது. தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் சிரமப்படும் அவன் முன்னால் பாட்டியின் அதே புத்தகம் விரிந்து கிடக்கிறது. தாய்க்குக் கிழிந்த இடங்கள் மாத்திரம் புதிராக இருந்தன. பிள்ளைக்கோ கிழியாத இடங்களும் புதிராகிவிடுகின்றன. மொழியை மறந்த தலைமுறையைப் பற்றி மேடைகளில் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவையெல்லாம் அந்தப் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவை. இங்கேயோ ஆடுபவர் சற்று நேரம் அந்தப் பிள்ளையாகவே இருந்து விழிக்க நேர்கிறது. விழித்தபின் அவனைக் கோபிக்க மனம் வருவதில்லை.

உலகம் இதை நல்லபடியாகவே வரவேற்றது. 2023 டிசம்பரில் த கேம் அவார்ட்ஸ் விழாவில், முதற் படைப்புக்கான பிரிவிலும் சமூகப் பயன் கருதிய பிரிவிலும் பரிந்துரை பெற்று, இரண்டிலும் பரிசை இழந்தது. ஆனால் 2024ஆம் ஆண்டு அதற்கு ஈடு செய்தது. மார்ச் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீன விளையாட்டு விழாவில் ஷேமஸ் மக்நாலி பெயரிலான தலைமைப் பரிசும், அதே வாரம் விளையாட்டு உருவாக்குநர்கள் தாமே தேர்ந்து வழங்கும் விருதுகளில் முதற் படைப்புக்கும் சமூகத் தாக்கத்துக்கும் உரிய இரண்டும், ஏப்ரலில் லண்டனில் பாஃப்டாவின் முதற் படைப்பு விருதும் அதற்குக் கிடைத்தன. கோடிக்கணக்கான டொலர் செலவில் நூற்றுக்கணக்கானோர் உழைத்து வெளிவரும் ராட்சதப் படைப்புகள் போட்டியிட்ட மேடைகளிலும், இட்டலியும் பிட்டும் அவிக்கும் ஒரு தமிழ்த் தாயின் கதை இப்படிப் பரிசு வாங்கியதை நம் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

குறை சொன்னவர்களும் உண்டு, அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. மொத்த விளையாட்டும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பதினைந்து டொலர் கொடுத்து வாங்கியவருக்கு அது போதவில்லை. புதிர்கள் மிகச் சுலபம் என்றார்கள். சுலபம்தான், சமைக்கத் தெரிந்தவருக்கு அவை புதிரே அல்ல, தெரியாதவருக்கு ஒரு நிமிஷத்து யோசனை. ஆனால் இங்கே கடினம் கூடியிருந்தால் தாயின் கை பதறியிருக்கும், பழக்கத்தின் லாவகம் போயிருக்கும்; ஆகவே இந்தக் குறையை நான் ஏற்கவில்லை. மூன்றாவது குறையை ஏற்கிறேன்: அத்தியாயத்துக்கும் அத்தியாயத்துக்கும் இடையில் வருஷங்கள் பாய்ந்து போய்விடுகின்றன. தாய்க்கும் மகனுக்கும் இடையே வளர்ந்த தூரத்தை நாம் காண்கிறோமே தவிர, அது நாளுக்கு நாள் எப்படி வளர்ந்ததென்று காணச் சந்தர்ப்பம் கிடைப்பதில்லை.

நமக்கென்று வேறொரு குறையும் தோன்றலாம். கதை தொடங்கும் 1988க்கு இரண்டே ஆண்டுகள் முன்னால், 1986 ஆகஸ்ட் மாதத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத் தமிழரைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் மீனவர்கள் மீட்டார்கள். 1983 ஜூலை இனக்கலவரத்தின் பிறகு ரொறன்ரோவில் பெருகிய தமிழரில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து போனவர்களே. வெண்பாவும் பாவலனும் விரும்பினால் திரும்பிப் போகலாம் என்ற நிலையில் இருந்து அதைப் பற்றி ஓயாமல் ஆலோசிக்கிறார்கள். அந்த ஆலோசனைக்கே இடமில்லாமல் அதே நகரத்தில், அடுத்த தெருவில், வேறொரு அடுப்படி இருந்திருக்கும். அதை இவர்கள் எழுதவில்லையே என்று குற்றம் சொல்வதற்கில்லை. தமக்குத் தெரிந்த அடுப்படியை அவர்கள் எழுதினார்கள். தெரிந்ததை எழுதியதனால்தான் அது மெய்யாக இருக்கிறது. நம்முடையதை நாமல்லவா எழுத வேண்டும்?

எழுதுவதற்கு விஷயத்துக்கா பஞ்சம்! இந்தக் கரையோர ஊர்களில், தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும், பிள்ளை அந்நிய தேசத்தில் அந்நியமாவதைவிட, தாயே வீட்டு வேலைக்கென்று மத்திய கிழக்குக்குப் போய்விட, அம்மம்மாவோ உம்மம்மாவோ பிள்ளையை வளர்க்கும் கதைதான் அதிகம். அந்த வீட்டில் சமையற் குறிப்பு புத்தகமாக வராது. இரவில் தொலைபேசி வழியே, எசமானியம்மாள் தூங்கிய பிறகு, விட்டுவிட்டு வரும் குரலாகத்தான் வரும். சிக்னல் அறுந்த இடங்களில் என்ன சொல்லியிருப்பாள் என்று அந்தப் பிள்ளைதான் ஊகிக்க வேண்டும். இதைவிட நல்ல புதிர் விளையாட்டு ஒன்றை யாராவது கற்பனை செய்துவிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். படம் வரைபவர் ஒருவர், இசை தெரிந்தவர் ஒருவர், கதை எழுதுபவர் ஒருவர் என்று அவர்களோடு சேர்ந்தால் ஒரு சிறு குழுவுக்கு அதிகம் வேண்டியதில்லை என்பதற்கு ரொறன்ரோ சாட்சியாக நிற்கிறது. பொறியியலாளராகவோ வங்கி உத்தியோகத்தராகவோ ஆகாமல் விளையாட்டுச் செய்கிறேன் என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், பெற்றோர் உடனே கையை உதறிவிடாமல் ஓராண்டு பொறுத்துப் பார்க்க வேண்டுமென்பது என் வேண்டுகோள்.

‘வெண்பா’ கணினியிலும், நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்ரேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் ஆகிய கருவிகளிலும் கிடைக்கிறது. இவற்றில் எதையும் இயக்கத் தெரியாத தாய்மாரும் பாட்டிமாரும், இயக்கத் தெரிந்த பிள்ளையை ஒரு மாலையில் பக்கத்தில் உட்கார்த்தி ஆடச் சொல்லிப் பாருங்கள். பிட்டு அவிக்கும் இடம் வரும்போது அவன் உங்களிடம்தான் கேட்பான்.