டூரெட் மாணவருக்குக் கல்லூரி உதவித்தொகை: எங்கே, எப்படி?

டூரெட் நோய்க்குறி உள்ள மாணவர்களுக்கென்று தனிப் பெயரில் ஓர் உதவித்தொகைத் திட்டம் இந்தியாவில் மத்திய அரசிடமும் இல்லை, தமிழக அரசிடமும் இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் டூரெட் மையம் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கு நேரடியாகவே உதவித்தொகை தருகிறது. இந்தியாவிலோ பணம் வேறு பெயர்களில் வருகிறது. கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவருக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்பது அவரிடம் இருக்கும் சான்றிதழைப் பொறுத்தது.

டூரெட் என்பது நரம்பு மண்டலத்தின் வளர்ச்சியோடு தொடர்புடைய நிலை. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜில் த லா டூரெட் 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதியதால் அவர் பெயரே நிலைத்தது. கண் சிமிட்டல், தோள் குலுக்கல், கழுத்தை வெடுக்கென்று அசைத்தல், தொண்டையைச் செருமுதல், திடீர் ஒலி எழுப்புதல் ஆகியவை தன் கட்டுப்பாட்டை மீறித் திரும்பத் திரும்ப வரும். இவற்றை மருத்துவர்கள் டிக் என்கிறார்கள். உடல் அசைவில் ஒன்றுக்கு மேற்பட்டவையும் குரலில் ஒன்றாவதும் 18 வயதுக்கு முன் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது டூரெட். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கி, பத்து பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும். பலருக்குக் கல்லூரி வயதில் தணியும். எல்லோரும் கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்ற எண்ணம் தவறு. அது சிறு பங்கினருக்கே உண்டு. வகுப்பில் டிக்கை அடக்கி உட்கார்ந்திருப்பவருக்குக் கவனத்தின் பெரும்பகுதி அந்த அடக்கலிலேயே செலவாகிவிடும். அதைச் சேட்டை என்று நினைத்து ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது அநியாயம். கவனக்குறைபாடு, எண்ணச் சுழற்சி நோய், கற்றல் குறைபாடு ஆகியவை கூடவே இருப்பதும் அடிக்கடி காணப்படுகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் டூரெட் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆனால் 'நாள்பட்ட நரம்பியல் நிலைகள்' என்ற வகை அங்கே இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்கின்சன் இரண்டும் அதற்கு எடுத்துக்காட்டுகளாகவே தரப்பட்டுள்ளன. அந்த இரண்டோடு பட்டியல் முடிந்துவிடவில்லை. கற்றல் குறைபாடும் மனநோயும் தனித்தனி வகைகள். ஆகவே டிக் கடுமையாக இருப்பவர் நரம்பியல் வகையிலும், கூடவே வேறு குறைபாடு உள்ளவர் அந்த வகையிலும் மதிப்பீடு கோரலாம்.

இந்த மதிப்பீட்டுக்கான விண்ணப்பம் இணையத்தில்தான். மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அடையாள அட்டைக்கான தளத்தில் பதிவு செய்தால் மருத்துவ மதிப்பீட்டுக்கு அழைப்பு வரும். கூட்டேரிப்பட்டுப் பகுதியினருக்கு நெருக்கமான பெரிய அரசு மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. பழைய சிகிச்சைச் சீட்டுகள், புதுச்சேரி ஜிப்மரில் பார்த்திருந்தால் அந்தக் குறிப்புகள், டிக் வரும்போது வீட்டில் எடுத்த வீடியோ ஆகியவற்றைக் கொண்டுபோவது நல்லது. டிக் ஏறி இறங்கும் தன்மையுடையது. மருத்துவர் பார்க்கும் பத்து நிமிடத்தில் ஒன்றுமே வராமலும் போகலாம். அட்டை வெள்ளை நிறத்தில் வந்தால் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் குறைவு. மஞ்சளும் நீலமும் 40 அல்லது அதற்கு மேல். மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

40 சதவீதம் கிடைத்தால் பல கதவுகள் திறக்கும். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 11ஆம் வகுப்பு முதல் முதுநிலைப் பட்டம் வரை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொறியியல், டிப்ளமோ போன்ற தொழில்நுட்பப் படிப்புகளில் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தவருக்கு 'சக்ஷம்' திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் தொகை படிப்பின் நிலைக்கேற்ப உயரும். அதற்கு விழுப்புரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடஒதுக்கீடும் வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் சட்டப்படி உண்டு.

டிக் மிதமாக இருந்து, வேறு குறைபாடும் இல்லையென்றால் 40 சதவீதம் கிடைப்பது கடினம். அப்படிப்பட்டவர்கள் மாற்றுத்திறனாளி உதவித்தொகையையே சுற்றிவராமல், குடும்பப் பின்னணியாலும் படித்த பள்ளியாலும் கிடைக்கும் உதவிகளை முதலில் பார்ப்பதே சரி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், மாணவனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் உதவித்தொகைகளும் இருக்கின்றன. இவை எதற்கும் மருத்துவச் சான்று தேவையில்லை.

தேர்வு அறைச் சலுகைகளுக்கு விதி வேறு. சிவில் சர்வீஸ் தேர்வில் தன் சார்பில் எழுத ஒருவரைக் கேட்ட விகாஷ் குமார் என்பவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதும்போது கை இறுகிப்போகும் நரம்பியல் கோளாறு அவருக்கு. 40 சதவீதத்தை எட்டவில்லை. ஆனாலும் நியாயமான வசதி பெறும் உரிமைக்கு அந்த அளவுகோல் தடையாகாது என்றது நீதிமன்றம். அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுவோருக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: மருத்துவச் சான்று இருந்தால் சொல்வதை எழுதுபவரையோ, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரத்தையோ பெறலாம். கையிலும் கழுத்திலும் டிக் உள்ள மாணவருக்கு இந்தத் தீர்ப்பு மிக நெருக்கமானது. குரல் டிக் உள்ளவருக்குத் தனி அறையே போதுமானதாக இருக்கும்; அதைக் கல்லூரி முதல்வரிடமும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமும் எழுத்தில் கேட்க வேண்டும். பருவத் தொடக்கத்திலேயே கொடுத்த மனு மீது முடிவெடுக்க நேரம் இருக்கும். நுழைவுச்சீட்டு வந்த பிறகு ஓடினால் பெரும்பாலும் வாய்மொழி ஆறுதலோடு திரும்ப வேண்டிவரும்.

இந்த உதவிகளுக்குத் தேவைப்படும் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தொகை நின்றுபோகலாம்.