வாடும் கற்றாழை: நோயறிந்து மருந்திடுவோம்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றின் திண்ணையோரத்தில் சோற்றுக்கற்றாழைத் தொட்டி ஒன்றைக் காணலாம். அருகிலேயே ஆண்டவரின் முள்முடியை நினைவூட்டும் கிறிஸ்துமுள் செடியோ, ரணகள்ளியோ நிற்கும். கோடையையும் தாங்கும் இச்செடிகள் திடீரெனக் குழைந்தோ, வெண்மை படர்ந்தோ மடிவதுண்டு. அப்போது நாம் செய்வதென்ன? வாட்டம் கண்டு மேலும் நீர் ஊற்றுகிறோம். இல்லையேல், பருத்திக்கென வாங்கிய பூச்சிமருந்தில் சிறிது எடுத்துத் தெளிக்கிறோம். முன்னது செடியைக் கொல்லும்; பின்னது நமக்கே கேடாகும்.

2017ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டப் பருத்தி வயல்களில் மருந்து தெளித்த உழவர் சிலர் அதன் நச்சால் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. திறந்த வெளியிலேயே இந்நிலை எனில், குழந்தைகள் தவழும் திண்ணையில் அந்நஞ்சுக்கு இடமேது? கற்றாழைச் சோற்றை உண்போரும், தலைக்குத் தேய்ப்போரும் நம் வீடுகளில் உள்ளனரன்றோ!

ஆதலின், முதலில் செடியை உற்றுநோக்கி, தொட்டுப் பார்த்து, நோய் இன்னதென்று அறிதல் வேண்டும்.

இலையிடுக்குகளில் பஞ்சுபோல் வெண்மை தென்பட்டால் அது மாவுப்பூச்சி. வெயிற்காலத்தில் இது பெருகும். இது கழிக்கும் இனிப்பு நீரை நாடி எறும்புகள் வரும். அந்நீரின் மீதே கரும்பூசணமும் படரும். எனவே தொட்டியில் எறும்புச் சாரை கண்டால் மாவுப்பூச்சி உண்டா எனத் தேடுக. தண்டில் பழுப்பு ஓடுகள்போல் ஒட்டியிருப்பின் அது செதிற்பூச்சி.

இவற்றை அற்பமென எண்ண வேண்டா. அக்காலத்தில் சென்னை மாகாணத்து நிலங்களை அடைத்துக்கொண்ட சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க, மாவுப்பூச்சிக்கு உறவான காக்சினீல் பூச்சியை 1926இல் இலங்கையிலிருந்து கொணர்ந்தனர். வெட்டி மாளாத புதர்களை அச்சிறு பூச்சி அழித்தது!

பூச்சி ஏதுமின்றி, அடித்தண்டு பழுத்துக் குழைந்து நாற்றம் வீசினால் அது வேரழுகல். இது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும். நம் பகுதியின் கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது. ஆனால் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் தொட்டிக் கள்ளிக்கு ஏற்றதன்று. அந்த ஈரத்தில்தான் பூசணம் வேரைத் தின்கிறது.

இனி மருந்து. நோயுற்ற தொட்டியைத் தனியே வையுங்கள். புண்ணுக்குத் தடவும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மாவுப்பூச்சியைத் துடைத்தெடுங்கள். செதிற்பூச்சியை விரல்நகத்தால் சுரண்டி அகற்றலாம். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். முட்டைகள் தப்பிப் பொரிக்கும் ஆதலால், வாரம் ஒருமுறையாக மும்முறை செய்க.

அழுகலாயின், செடியைப் பிடுங்கி, தூய கத்தியால் குழைந்த பாகத்தை முற்றும் அறுத்தெறியுங்கள். கிறிஸ்துமுள்ளின் பால் கண்ணிற் படாது காத்துக்கொள்க. வெட்டுவாய் காயும்வரை நிழலில் சில நாள் வைத்து, செம்மண்ணும் பருமணலும் சமமாகக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். ஒரு வாரம் நீர் வேண்டா. அதன்பின்னும் மண் நன்கு காய்ந்த பின்னரே நீர் வார்க்க வேண்டும்.

லூக்கா நற்செய்தியில், காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன தலைவரிடம் தோட்டக்காரர் ஓராண்டுத் தவணை கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகவும் சொல்கிறார். வேரருகே என்ன குறை என்று பார்க்கத் துணிந்தவர் அவர். நாமும் நஞ்சுப் புட்டியைத் தொடுமுன், குனிந்து அந்த வேரைப் பார்ப்போமாக.