கறிவேப்பிலை எறியத் தக்கதா?

காரியம் முடிந்தபின் ஒருவனை ஒதுக்கித் தள்ளினால், 'கறிவேப்பிலை போல் தூக்கி எறிந்துவிட்டார்கள்' என்று சொல்வது நம்மவர் வழக்கம். எறியப்பட்ட மனிதனுக்காக இரங்குகிறோம். எறியப்பட்ட இலைக்காக இரங்குவார் இல்லை. வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு, சத்தை எச்சில் இலையோடு வெளியே போடும் இவ்வழக்கம் நம் தேசத்தின் ஆரோக்கியத்துக்கு ஏற்றதுதானா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

கறிவேப்பிலை நமக்குப் புதிதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மாதுளங்காயோடும் மிளகோடும் பசுவெண்ணெயில் வேகும் உணவில் அது 'கஞ்சகம்' என்ற பெயரால் இடம்பெறுகிறது. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அந்தப் பழைய தொண்டைமண்டலத்தைச் சேர்ந்த ஊர்களே. ஆயினும் தாவர நூலார் இன்று இதற்கு வழங்கும் பெயரில் இருப்பவர், 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கோனிக். லின்னேயஸிடம் பயின்ற அவர் நம் நாட்டுச் செடிகளைச் சிரத்தையோடு ஆராய்ந்தார். அதற்காக அவர்மேல் நமக்கு வருத்தமில்லை. அந்நியர் ஆராய்ந்து போற்றிய பொருளை உரியவர்கள் உண்ணாமல் ஒதுக்குவதே வருந்தத்தக்கது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வெளியிட்ட அட்டவணைகளின்படி, 100 கிராம் கறிவேப்பிலையில் சுண்ணாம்புச் சத்து 600 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. அதே அளவு பசும்பாலில் இருப்பது ஏறக்குறைய 120 மில்லிகிராமே. கண்ணுக்கு வேண்டிய 'ஏ' வைட்டமினாக உடலில் மாறும் கரோட்டினும் இதில் மிகுதி. இரும்புச் சத்தும் நார்ச்சத்தும் உண்டு. ஒருவர் நாளொன்றுக்குப் பத்து கிராம் தின்பதே அதிகம் என்பது மெய். ஆனால் நாள்தோறும் சேரும் சிறு துளிக்கும் மதிப்புண்டு. எறிந்த இலையிலிருந்து அத்துளியும் கிட்டாது.

மருந்தாக இதைச் சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அஜீரணம், பேதி, குமட்டல், வாய்க்கு ருசி தெரியாமை ஆகியவற்றுக்கு இதைக் கொடுத்துவந்திருக்கிறார்கள். மஹானிம்பின் முதலிய கார்பசோல் வகைப் பொருள்கள் இவ்விலையில் உள்ளன என்று ரசாயன நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். இரத்தத்திலுள்ள சர்க்கரையை இது குறைப்பதாகச் சொல்லும் சோதனைகள் பெரும்பாலும் எலிகளிடம் செய்யப்பட்டவை. ஆகவே, நீரிழிவுக்காரர் தம் மருந்தை நிறுத்திவிட்டு இலையை மென்றால் போதுமென்று எவரேனும் கூறினால் அதை நம்பலாகாது. நம் நாட்டுப் பொருளின்மேல் உள்ள அபிமானம் உண்மையை மீறலாகாது.

2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று காட்டியது. இப்பெரும் பிணியைக் கறிவேப்பிலை ஒன்றே தீர்த்துவிடாது. ஆனால் விலை குறைந்த இரும்புச் சத்தையும் எறிந்துவிட்டு வறுமையை மட்டும் நொந்துகொள்வது விவேகமாகாது. இலையைத் துவையலாக அரைத்தோ, பருப்போடு வறுத்துப் பொடித்தோ உண்டால் முழுவதும் வயிற்றுக்குள் போகும். சிறிது எண்ணெய் சேர்ந்தால் கரோட்டின் நன்றாகச் சேரும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் இரும்பு உடலில் ஏறும். உண்டவுடன் தேநீர் குடித்தாலோ அது தடைப்படும்.

இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்க்காரே செய்து காட்டியிருக்கிறது. 2013-இல் தமிழ்நாட்டுச் சத்துணவில் அறிமுகமான பலவகை உணவுத் திட்டத்தில் கறிவேப்பிலைச் சாதமும் இடம்பெற்றது. பிள்ளைகளுக்கு ஆகும் உணவு தொழிலாளிக்கு ஏன் ஆகாது? கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் உலை முன்னும் இயந்திரத்தின் முன்னும் நின்று உழைப்பவர்களுக்குச் சத்துள்ள ஆகாரம் கௌரவப் பிரச்சினை மட்டுமன்று, உயிர்ப் பிரச்சினையுமாகும். 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் உணவுச்சாலை ஏற்படுத்தவும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளருக்குப் பிரதிநிதித்துவம் அளிக்கவும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வழி வகுத்தது. அத்தகைய குழுக்களில் அமர்வோர் கூலியையும் போனஸையும் பற்றிப் பேசும் உறுதியோடு, சோற்றில் என்ன விழுகிறது என்பதையும் கேட்க வேண்டும். குழம்பில் மிதக்கும் நான்கு இலைகள் போதா. வாரத்தில் இரு நாளேனும் துவையலும் பொடியும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சந்தைக்கு வரும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து தங்கியிருப்பதுண்டு. ஐரோப்பிய நாட்டார் நம் இலையைச் சோதித்துப் பார்த்தே துறைமுகத்துக்குள் விட்ட காலம் உண்டு. அவர்கள் வயிற்றுக்கு உள்ள காவல் நம் வயிற்றுக்கும் வேண்டாமா? புளித்தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து நன்றாகக் கழுவினால் தீங்கு ஓரளவு குறையும். அதனினும் மேலான பரிகாரம் வீட்டுக்கொரு மரம். பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் கொல்லையிலும் அது தழைக்கும். ஆரணியாற்றங்கரைக் கிராமமாயினும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பாயினும் அதற்கு ஒரு முழ இடம் கிடைக்காமற் போகாது.

உழைப்பை வாங்கிக்கொண்டு உழைப்பாளியை எறிவதும், மணத்தை வாங்கிக்கொண்டு இலையை எறிவதும் ஒரே மனப்பான்மையின் இரு செயல்கள். முன்னதை ஒழிக்க நெடிய போராட்டம் வேண்டியிருக்கலாம். பின்னதை ஒழிக்க இன்றிரவுச் சாப்பாடே போதும்.