சடங்கும் தாய்மொழியும்: தோடர் பாடல் நமக்குக் கற்பிப்பவை

திருவொற்றியூரில் நாம் ஆயர் பணியாற்றிய நாட்களில் ஒரு துக்க வீட்டில் நிகழ்ந்ததை முதற்கண் கூறுதல் வேண்டும். துறைமுக வேலையை நாடி, இரு தலைமுறைகளுக்கு முன்னர் ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. அவ்வீட்டில் தெலுங்கு அறிந்தவர் முதிய பாட்டியார் ஒருவரே. பேரப்பிள்ளைகள் தமிழ் ஒன்றே அறிவர். இறந்துபோன மகனின் அருகமர்ந்து அப்பாட்டியார் தம் மொழியில் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். அடக்க ஆராதனைக்கு நேரமாயிற்று என்று கருதிய நாம் அவரைக் கையமர்த்திவிட்டுத் தமிழ்க் கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினோம். அவர் அடங்கிவிட்டார். அதன்பின் அவ்வீட்டில் அம்மொழிச் சொல் ஒன்றையும் நாம் கேட்டதில்லை. அன்று நாம் அடக்கியது அழுகையை மட்டுந்தானா என்னும் வினா நெடுங்காலம் நம்மை விட்டகலவில்லை.

தெலுங்கு கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. ஒரு வீட்டில் அது மறையினும் உலகில் வாழும். ஆனால் ஒரு சில நூறு வீடுகளில் மட்டுமே பேசப்படும் மொழி அவ்வீடுகளில் மறையுமாயின், அது எங்குமே இல்லாமற் போகும். நம் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே இத்தகைய மொழிகள் உள்ளன. அவற்றுள் நீலகிரித் தோடர்களின் மொழியை எடுத்துக்கொண்டு, சடங்கும் கலையும் ஒரு மொழியை எவ்வாறு உயிரோடு வைத்திருக்கின்றன என்பதையும், இதில் திருச்சபைக்குள்ள பொறுப்பு யாது என்பதையும் ஆராய்வோம்.

தோடர் மொழியின் நிலை

தோடர் மொழி திராவிடக் குடும்பத்தைச் சார்ந்தது. கோத்தர் மொழி அதற்கு நெருங்கிய உறவு. அதற்கெனத் தனி எழுத்தில்லை. மூவகை அதிர்வு ரகரங்களும் பலவகை உரசொலிகளும் அதில் உள்ளமையால், தமிழ் எழுத்துக்களால் அதனைத் திருத்தமாக எழுதுதல் அரிது. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறக்குறைய 800 பேராயிருந்த தோடர், 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 2,002 பேராயினர். மக்கள் தொகை பெருகியும், மொழியை யுனெஸ்கோ நிறுவனம் மிகக் கடும் அழிவு நிலையிலுள்ள மொழிகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. பள்ளி, சந்தை, அலுவலகம் ஆகிய எவ்விடத்தும் பயன்படாத இச்சிறு மொழி இதுகாறும் நிலைத்திருப்பதே வியப்பு. அதற்குரிய காரணத்தைத் தோடரின் சடங்கு வாழ்வில் காண்கிறோம்.

தோடர் வாழ்வின் நடுவில் எருமையும், எருமைப் பால்மனையாகிய கோயிலும் உள்ளன. 1906இல் தோடரைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், பால்மனைப் பூசகர் மொழியும் மன்றாட்டுக்களில் அன்றாடப் பேச்சில் வழங்காத திருப்பெயர்கள் இடம்பெறுவதை விரிவாக எழுதியுள்ளார். எருமைக்கும், மந்துக்கும், மலைக்கும், பால்மனையின் கலங்களுக்கும் இத்தகைய பெயர்கள் உண்டு. கருவுற்ற பெண்ணுக்கு வில்லும் அம்பும் அளித்துக் குழந்தையின் தந்தை இன்னாரென நிறுவும் சடங்கு, எருமைகளுக்கு உப்பு நீர் அளிக்கும் சடங்கு, கோயிற் கூரை வேயும் விழா, ஈமச் சடங்கு என ஒவ்வொன்றுக்கும் உரிய சொற்கள் உள்ளன. சடங்கு நடந்தாலன்றி அச்சொற்களை உரைக்க வாய்ப்பில்லை.

காத்தலும் வாழ்தலும்

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். இராயபுரத்தில் பார்சி மக்களின் அக்கினி ஆலயம் 1910 முதல் இருந்து வருகிறது. அங்கே ஓதப்படும் அவெஸ்தா மன்றாட்டுக்களின் மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று உலகில் எவருமில்லை. பக்தியுள்ள ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் முன்னோரின் திருமொழியை வழிபாட்டினால் காத்துவருவது போற்றத்தக்கது. எனினும் அங்கே காக்கப்படுவது முன்னரே முடிவு பெற்ற ஓதல். வீட்டில் உரையாடும் மொழியன்று.

தோடர் பாடலின் இயல்பு வேறு. 1935 முதல் 1938 வரை நீலகிரியில் ஆய்ந்த மொழியியலறிஞர் மரே எமனோ, தோடர் பாடல்களைத் திரட்டி 1971இல் பெருநூலாக வெளியிட்டார். தோடர் பாடல் வாக்கியங்கள் இரண்டிரண்டாய் அமைவன. ஒரு சிறு தொடர் பாடப்பட்டால், அதே அமைப்புடைய இணைத்தொடர் அதனைப் பின்தொடரும். ஆளுக்கு ஆள், குலத்துக்குக் குலம், இடத்துக்கு இடம் என இணைகள் மரபால் வரையறுக்கப்பட்டுள்ளன. சங்கீதங்களின் இணைநிலை அமைப்பை 1753இல் இராபர்ட் லோத் விளக்கியதை அறிந்த இறையியல் மாணவர்க்கு இதன் அழகு எளிதில் விளங்கும்.

இணைகள் பழையன, பாடலோ புதியது. இறந்தவரின் ஈமத்தில் பாடப்படுவது அவர்தம் வாழ்க்கை; திருமணத்தில் பாடப்படுவது அம்மணமக்களின் குலமும் மந்தும். தொழில்முறைப் புலவர் எனத் தனி வகுப்பார் இலர். தோடருள் பெரும்பாலோர் பாட்டுக் கட்ட வல்லவர் என்பதே எமனோ கண்ட உண்மை. ஆகவே, ஒவ்வொரு சடங்கும் பழையதை ஒப்புவிக்கச் செய்வதோடு நில்லாமல், கூடியிருப்போரில் ஒருவரைப் புதிதாகப் பேசவும் வைக்கிறது. கேட்போர் பொருளறிந்தாலன்றி அப்பாடல் பயன்படாது. மொழி இங்கே வெறுமனே காக்கப்படவில்லை, வாழ்கிறது.

எபிரேய மொழியின் வரலாறும் இதற்குச் சான்று. அன்றாடப் பேச்சிலிருந்து நீங்கிய பின்னரும் ஜெப ஆலயங்களில் அது ஓதப்பட்டது என்பதை யாவரும் அறிவர். ஓதியதோடு அமையாமல், நூற்றாண்டுதோறும் புதிய வழிபாட்டுப் பாக்கள் அதில் இயற்றப்பட்டன என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இடையறாத அந்த இயற்றலும் எழுத்துமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது மீண்டும் வீட்டு மொழியாவதற்கு வழிவகுத்தன.

பூவேலை

கலையிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். தோடர் மகளிர் வெண்ணிறப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூல்களால் இடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் அணியும் பூத்துக்குளி என்னும் போர்வை விழாவுக்குரியது. இறந்தோரின் உடலையும் அதுவே போர்த்தும். தாயருகில் அமர்ந்து மகள் இழை எண்ணும்போது, கோலங்களின் பெயர்களையும் எண்ணுப் பெயர்களையும் தாய்மொழியிலேயே கற்கிறாள். அப்பூவேலை இன்று பைகளாகவும் மேசை விரிப்புகளாகவும் விற்பனைக்கு வருகிறது. அவ்வருவாய் மகளிர்க்கு உதவுவதால் அதனை வரவேற்கிறோம். ஆயினும் பொருளை விற்கையில் கோலத்தின் தோடர்ப் பெயரும் உடன் செல்லவேண்டும். பெயர் நீங்கினால் நூல்வேலை மட்டும் எஞ்சும்.

சடங்கு தளர்ந்தால் மொழி தளரும் என்பதற்கும் நீலகிரியே சான்றாகிறது. இருபதாம் நூற்றாண்டில் புல்வெளிகள் பல சீகை, தைல மரத் தோட்டங்களாயின. எருமை மந்தைகள் குறைந்தன. ரிவர்ஸ் விவரித்த மிக உயர்ந்த நிலைப் பால்மனைகள் இன்று வழக்கில் இல்லை. பூசகர் இல்லாத பால்மனையின் சொற்களை அடுத்த தலைமுறைக்கு உரைப்பார் யார்?

திருச்சபையின் பங்கு

இனி நம் பக்கம் திரும்புவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா ஊழிய சங்கத்தைச் சார்ந்த கேதரின் லிங் அம்மையார் தோடரிடையே பணி தொடங்கினார். அவர்தம் முயற்சியால் மாற்கு நற்செய்தி தோடர் மொழிக்கு வந்தது. அவர்தம் அன்பையும் உழைப்பையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் கிறிஸ்தவரான தோடர் பால்மனை வாழ்விலிருந்து நீங்கி ஒரு தனிச் சமூகமாயினர். தமிழ்த் திருச்சபையோடும் பிற குடும்பங்களோடும் கலந்தனர். எமனோ அவர்களைக் குறித்து 1939இல் தனிக்கட்டுரையே எழுதினார். பழைய சடங்கு நீங்கிய இடத்தில், அம்மொழியில் புதிதாய்ப் பாடுவதற்கு ஏற்ற தருணங்களைத் திருச்சபை போதுமான அளவு அமைத்துக் கொடுக்கவில்லை. நற்செய்தி நூலைப் பெயர்த்தோம். பாடுவோரை அமரச் செய்தோம்.

“அப்படியாயின் எருமைப் பால்மனை வழிபாடு தொடர வேண்டும் என்கிறீர்களா?” என்று வாசகர் வினவலாம். அவ்வழிபாடு தொடர்வதும் தொடராததும் தோடர் தாமே முடிவு செய்யவேண்டிய காரியம். நம்மைச் சார்ந்த காரியம் ஒன்றே: கிறிஸ்துவண்டை வருவதற்கு விலையாக எவரும் தம் தாய்மொழியைச் செலுத்த நேரலாகாது. பெந்தெகொஸ்தே நாளில் எல்லாரும் ஒரே மொழிக்கு மாறவில்லை. அவரவர் பிறந்த மொழியிலேயே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டனர். தம் மக்களின் பிள்ளைகள் யூத மொழியைப் பேச அறியாதிருந்ததைக் கண்டு நெகேமியா கடுஞ்சினம் கொண்டு அடிக்கவும் செய்தார். சினத்தாலும் அடியாலும் மொழி வளராது என்பதையும் அங்கேயே நாம் கற்கலாம்.

நம் முன்னோர் ஒரு நல்வழியைக் காட்டியுள்ளனர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி என்னும் நாட்டு வடிவத்தையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். தமிழருக்கு உகந்த அவ்வுரிமையைச் சிறுமொழி பேசுவோர்க்கும் நாம் அளிக்க வேண்டாமா?

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, மலையிலும் கரையிலும் பணி செய்யச் செல்லும் மாணவர், பிரசங்கிக்கத் தொடங்குமுன் கேட்கக் கற்கட்டும். திருமணம், பிறப்பு, அறுவடை, அடக்கம் ஆகியவற்றில் அம்மக்கள் எம்மொழியில் பாடுகின்றனர் என்பதை அறியட்டும். இரண்டாவது, நம் ஆராதனைப் பாடல்களை அவர்கள் மொழியில் பெயர்த்துக் கொடுப்பதோடு நில்லாமல், அவர்களே புதிதாய்ப் பாட்டுக் கட்டுவதற்கு ஆராதனையில் இடம் விடுவோமாக. மூன்றாவது, பிறர் மறைவாகப் போற்றும் திருப்பெயர்களை அவர்தம் இசைவின்றி நம் வழிபாட்டு அலங்காரத்துக்கு எடுத்தாளாதிருப்போமாக; அவை அவர்களுக்கே உரியவை.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆகிய தொழிற் பகுதிகளின் சபைகளில், வேலையை நாடி வந்த பல ஊர்க் குடும்பங்கள் ஒரே பெஞ்சியில் அமர்ந்திருக்கின்றன. எந்த வீட்டில் எந்த மொழி இறுதி மூச்சு விடுகிறதென்று ஆயர் அறியார், கேட்டாலொழிய. இப்போதெல்லாம் துக்க வீட்டிற்குச் செல்லும்போது, ஆராதனை தொடங்குமுன், “உங்கள் வீட்டு மொழியில் பாட வல்ல பெரியவர் எவரேனும் உண்டா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். பாடுவோர் இருப்பின், அவர் முடிக்கும்வரை நாம் வேதப் புத்தகத்தைத் திறப்பதில்லை.